விதியைச் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு அதைச் செய்ய ஏன் வரவில்லை? மூன்று முதல் ஐந்து வயதுவரை தன்கட்டுப்பாட்டை அளப்பது பற்றி

கேள்வி: வளர்நிலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். வளர்ச்சி உளவியலில் ஆய்வுப் படிப்பின் முதலாண்டில் இருக்கிறேன். மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளிடம் தன்கட்டுப்பாடு எப்படி உருவாகிறது, மூளையின் வளர்ச்சியோடு அது எவ்வாறு சேர்ந்து செல்கிறது என்பது என் தலைப்பு. எதைக் கொண்டு அளக்கப் போகிறேன் என்பதை எழுதித் தரும்படி நெறியாளர் கேட்டிருக்கிறார். தலைப்பை எடுத்தபோது வேலை எளிது என்றே நினைத்தேன். குழந்தையின் முன் ஓர் இனிப்பை வைத்து, நான் திரும்பி வரும்வரை தொடாமல் இருந்தால் இரண்டாகத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய், எத்தனை நிமிடம் பொறுத்தது என்று குறித்து, அந்த எண்ணை மூளைப் பதிவோடு ஒப்பிட்டால் போதும் என்பது என் கணக்கு. படிக்கப் படிக்க அந்தக் கணக்கு கலைந்துகொண்டே போகிறது.

முதல் குழப்பம் அந்தக் காத்திருப்புச் சோதனையைப் பற்றியதே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் மழலையர் பள்ளியில் 1960-களின் பிற்பகுதியில் வால்டர் மிஷெல் தொடங்கிய ஆய்வுகளையும், அதிக நேரம் காத்திருந்த குழந்தைகள் பதின்வயதில் படிப்பில் மேலோங்கியிருந்ததாகச் சொல்லும் 1990-ஆம் ஆண்டுக் கட்டுரையையும் படித்தேன். பிறகு, அதே தொடர்பைப் பெரிய மாதிரியில் தேடி, அது மிகவும் சுருங்கிப்போனதாகச் சொல்லும் 2018-ஆம் ஆண்டு ஆய்வைப் படித்தேன். அப்படியானால் இந்தச் சோதனையையே கைவிட்டுவிட வேண்டுமா?

இரண்டாவது, சீட்டு பிரிக்கும் சோதனை: நிறமும் உருவமும் கொண்ட சீட்டுகளை முதலில் ஒரு விதிப்படியும், பிறகு மற்றொரு விதிப்படியும் தட்டுகளில் பிரித்துப் போட வேண்டும். பழகிப் பார்ப்பதற்காகச் சில குழந்தைகளிடம் நடத்தினேன். மூன்றரை வயது நிரம்பாத ஒரு சிறுமி சீட்டுகளை நிறத்தின்படி மிகச் சரியாகப் பிரித்தாள். இனி நிறம் வேண்டாம், உருவத்தின்படி பிரிக்கலாம் என்று சொல்லி, "முயல் எங்கே போக வேண்டும்?" என்று கேட்டேன், சரியான தட்டைக் காட்டினாள். கையில் முயல் சீட்டைக் கொடுத்ததும் பழையபடி நிறத்தின்படியே போட்டுவிட்டு, சரியாகச் செய்துவிட்ட நிறைவோடு என் முகத்தைப் பார்த்தாள். குறும்பு என்று முதலில் நினைத்தேன். அடுத்தடுத்த சீட்டுகளிலும் அதுவே நடந்தபோது குறும்பில்லை என்று தெரிந்தது. இது தன்கட்டுப்பாட்டின் குறையா, புரிதலின் குறையா?

மூன்றாவது, குழாய் போன்ற கருவிக்குள் படுக்க வைத்து மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. வசதி எனக்கு இல்லை, தலையில் மின்முனைகள் பொருத்தி மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. கருவி மட்டும் கிடைக்கும். இவ்வளவு சிறிய குழந்தைகளிடம் மூளையைப் பற்றி அதை வைத்து ஏதாவது உருப்படியாகச் சொல்ல முடியுமா?

மறுமொழி 1: நெடுநாள் ஆய்வாளர்

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் விடை தேட வேண்டிய இடம் அதுதான் என்பது என் கருத்து. அந்தச் சிறுமி உங்களுக்குக் காட்டியது ஒரு விபத்து அல்ல. இந்தத் துறை முழுவதும் சுற்றிச் சுற்றி வரும் புதிர் அது. தெரிந்திருப்பதற்கும் செய்வதற்கும் இடையிலுள்ள அந்த இடைவெளி, வயதுக்கேற்ப வெவ்வேறு வேடத்தில் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

முதலாண்டிலேயே அதைப் பார்க்கலாம். ஒரு பொருளை இடப்பக்க மூடிக்குள் ஒளித்து, குழந்தை அதை எடுத்த பிறகு, அதன் கண்ணெதிரிலேயே வலப்பக்கம் ஒளித்து வைத்தால், எட்டு ஒன்பது மாதக் குழந்தை மறுபடியும் இடப்பக்கமே கையை நீட்டும். குழந்தை வளர்ச்சி ஆய்வின் முன்னோடியான ஜான் பியாஜே விவரித்த இந்தப் பிழையை எடுத்துக்கொண்டு, உளவியலாளர் அடெல் டைமண்ட் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் 25 குழந்தைகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே வந்தார். ஒளிப்பதற்கும் எடுக்க விடுவதற்கும் இடையில் எத்தனை வினாடி தாமதித்தால் குழந்தை தவறுகிறது என்பதே அவருடைய அளவுகோல். ஏழரை மாதத்தில் 2 வினாடிக்கும் குறைவான தாமதமே போதுமானதாக இருந்தது. பன்னிரண்டு மாதத்தில் 10 வினாடிக்கு மேல் தேவைப்பட்டது. அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 2 வினாடி வீதம் தாங்குதிறன் கூடியது. இதில் என்னை இன்றும் நிறுத்தி யோசிக்க வைப்பது வேறொன்று. சில குழந்தைகளின் கண் சரியான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கை பழைய இடத்துக்குப் போகிறது. உங்கள் சிறுமி வாயால் சரியாகச் சொல்லிவிட்டுக் கையால் தவறாகப் போட்டதற்கு இது அக்காளைப் போன்றது.

இதே பணியை டைமண்டும் கோல்ட்மன்-ரகிச்சும் குரங்குகளுக்குக் கொடுத்து 1989-இல் வெளியிட்டார்கள். முன்நெற்றிப் புறணியின் (நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் மேலடுக்கு) மேற்பக்கப் பகுதி அகற்றப்பட்ட குரங்குகள், மிகக் குறைந்த தாமதத்திலும் சிறு குழந்தையைப் போலவே பழைய இடத்துக்குக் கையை நீட்டின. மூளையின் உச்சிப் பகுதியில் சேதம் இருந்த குரங்குகள் அப்படிச் செய்யவில்லை. நடத்தையும் மூளைப் பகுதியும் இந்த அளவுக்கு நேருக்கு நேர் பொருத்திக் காட்டப்பட்ட இடங்கள் நம் துறையில் அதிகம் இல்லை.

மூன்று வயதுக்கு வருவோம். சீட்டு பிரிக்கும் பணியில் மூன்று வயதினர் பெரும்பாலும் முதல் விதியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஐந்து வயதினர் பெரும்பாலும் மாறிவிடுகிறார்கள். ஏன் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. "நிற விளையாட்டு என்றால் இப்படி, உருவ விளையாட்டு என்றால் அப்படி" என்று இரண்டு விதிகளுக்கும் மேலே நின்று தேர்வுசெய்யும் மேல்விதி ஒன்றைக் குழந்தையால் இன்னும் கட்டியெழுப்ப முடியவில்லை என்பது ஃபிலிப் ஸெலாஸோவின் விளக்கம். ஒருமுறை நிறத்தில் பதிந்த கவனத்தை அங்கிருந்து பிடுங்கி எடுக்க முடியவில்லை, இது ஒருவகைக் கவன மந்தம் என்பது இன்னொரு விளக்கம். புதிய விதியின் நினைவு, கேள்விக்கு விடை சொல்லப் போதுமான வலுவோடு இருக்கிறது, பழைய பழக்கத்தோடு மோதி வெல்லும் அளவுக்கு வலுவாக இல்லை என்பது மூன்றாவது. எனக்கு மூன்றாவதுதான் அதிகம் பொருந்துவதாகத் தோன்றுகிறது. ஆனால் என் மாணவர்களே அதை ஒப்புக்கொள்வதில்லை.

ஆகவே தன்கட்டுப்பாடா, புரிதலா என்று நீங்கள் வைக்கும் பிரிவினையே இந்த வயதுக்குப் பொருந்தாமல் போகலாம். பெரியவர்களிடம் செயலாட்சித் திறன் (நம் எண்ணத்தையும் செயலையும் நாமே வழிநடத்தும் திறன்) என்பது தூண்டுதலை அடக்குதல், செயல்படு நினைவை (வேலை செய்யும்போது மனத்தில் பிடித்து வைத்திருப்பதை) புதுப்பித்தல், விதிக்கு விதி மாறுதல் என்று மூன்றாகப் பிரிந்தும் ஒன்றோடொன்று தொடர்புடையதாகவும் இருப்பதை மியாக்கேயும் உடன் ஆய்வாளர்களும் 2000-ஆம் ஆண்டில் காட்டினார்கள். பள்ளிக்கு முந்தைய வயதினரின் மதிப்பெண்களை அதே முறையில் பகுத்துப் பார்த்த வீபே, எஸ்பி, சராக் ஆகியோரின் 2008-ஆம் ஆண்டு ஆய்வில், எல்லா மதிப்பெண்களையும் விளக்க, அவற்றுக்கு அடியிலுள்ள ஒரே ஒரு பொதுக் காரணியே போதுமானதாக இருந்தது. மூன்று வயதுக் குழந்தையைப் பற்றிய அறிக்கையில் மூன்று தனித்தனித் தலைப்புகள் போட்டு மதிப்பெண் தருவது பெரியவர்களின் சட்டையைக் குழந்தைக்கு மாட்டுவதாகும்.

இன்னொரு பணியையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சூரியன் படம் வந்தால் "இரவு" என்றும், நிலா படம் வந்தால் "பகல்" என்றும் சொல்ல வேண்டும். 1994-இல் கெர்ஸ்டாட், ஹாங், டைமண்ட் ஆகியோர் மூன்றரை முதல் ஏழு வயதுவரையுள்ள 160 குழந்தைகளிடம் இதை நடத்தினார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் மிகவும் தடுமாறினார்கள். ஆனால் சூரியனுக்கும் நிலாவுக்கும் பதிலாகப் பொருளற்ற கோலங்களைக் காட்டி அதே இரண்டு சொற்களைச் சொல்லச் சொன்னபோது அந்தத் தடுமாற்றம் இல்லை. இரண்டு விதிகளை நினைவில் வைப்பது மட்டுமே சிரமமாக இருந்திருந்தால் இரண்டிலும் தவறியிருக்க வேண்டும். நாக்கின் நுனியில் தானாக வந்து நிற்கும் சொல்லை விழுங்கிவிட்டு எதிர்ச்சொல்லை எடுப்பதில்தான் சிரமம் இருக்கிறது. பிறகு 2002-இல் டைமண்ட் குழுவினர், படத்தைக் காட்டியதும் சோதனையாளர் ஒரு சிறு வரியைப் பாடி முடித்த பிறகே குழந்தை விடை சொல்லலாம் என்று மாற்றியபோது, நான்கு வயதினர் கணிசமாகத் தேறினார்கள். யாரும் அவர்களுக்கு எதையும் கற்பிக்கவில்லை; கிடைத்தது சில வினாடி அவகாசம் மட்டுமே.

மறுமொழி 2: எண்ணும் எழுத்தும்

நான் புள்ளியியல் பக்கத்திலிருந்து வருகிறேன். முதல் கேள்விக்கு மட்டும் விடை.

1990-ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டும் பெரும்பாலானோர் அதிலுள்ள அட்டவணையைப் பார்ப்பதில்லை. பிங் பள்ளியில் பல ஆண்டுகளில் 600-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பல்வேறு வகையான காத்திருப்புச் சோதனைகளில் கலந்துகொண்டார்கள். கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு வலுவான ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பது; தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பென்றால் 1) காணப்பட்டது, பரிசு கண்ணெதிரே இருந்து, காத்திருப்பதற்கான உத்தி எதுவும் சொல்லித்தரப்படாத ஒரு பிரிவில் மட்டுமே. அந்தப் பிரிவில் மதிப்பெண் கிடைத்தவர்கள் 35 பேர். கணிதப் பகுதியோடு ஒட்டுறவு 0.57, மொழிப் பகுதியோடு 0.42. அவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகச் சூழலில் வளர்ந்த, ஏறக்குறைய ஒரே வகைக் குடும்பத்துப் பிள்ளைகள். மாதிரி சிறிது என்பதைக் கட்டுரை ஆசிரியர்களே எச்சரிக்கையாகக் குறிப்பிட்டிருந்தார்கள். பிற்காலத்தில் அந்த எச்சரிக்கை உதிர்ந்துபோய் எண் மட்டும் ஊர் சுற்றியது.

வாட்ஸ், டங்கன், குவான் ஆகியோரின் 2018-ஆம் ஆண்டு ஆய்வில் 918 குழந்தைகள் இருந்தார்கள். நான்கரை வயதில் சோதனை, பதினைந்து வயதில் பள்ளித் தேர்ச்சி. பட்டம் பெறாத தாய்மார்களின் பிள்ளைகளை மையமாக வைத்துப் பார்த்தபோது, ஒட்டுறவு பழைய அளவில் ஏறத்தாழ பாதியாக இருந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், சிறுவயது அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்தது. மிச்சமிருந்த தொடர்பிலும், 20 வினாடியாவது பொறுத்தவர்களுக்கும் அதுகூடப் பொறுக்காதவர்களுக்கும் இடையிலான வேறுபாடுதான் பெரிது; இரண்டு நிமிடத்துக்கும் ஏழு நிமிடத்துக்கும் இடையில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. ஏழு நிமிடமே உச்சவரம்பு என்பதால், பலர் அந்த வரம்பைத் தொட்டு நின்றார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் இதை வைத்து "தன்கட்டுப்பாடு முக்கியமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73-இல் பிறந்த 1,037 பேரைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து வரும் ஆய்வு இருக்கிறது. மூன்று வயது முதல் பதினொரு வயதுவரை, பெற்றோர், ஆசிரியர், நேரில் கவனித்த ஆய்வாளர், பிற்பாடு குழந்தையே எனப் பலரும் தந்த மதிப்பீடுகளைச் சேர்த்து ஒரே அளவாக்கி, 32 வயதில் அவர்களுடைய உடல்நலம், பணநிலை, குற்றப் பதிவு ஆகியவற்றோடு டெர்ரி மாஃபிட் குழுவினர் 2011-இல் ஒப்பிட்டார்கள். குடும்ப வசதியையும் நுண்ணறிவையும் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு நின்றது. படிப்படியாக, இடையில் எங்கும் அறுபடாமல் நின்றது. இரட்டையர்களை வைத்து அதே கட்டுரையில் வரும் ஒப்பீடு இன்னும் சுவையானது. ஒரே வீட்டில், ஒரே பெற்றோரிடம் வளர்ந்தவர்களில், ஐந்து வயதில் தன்கட்டுப்பாடு குறைவாக இருந்தவர் பன்னிரண்டு வயதில் புகைபிடிக்கத் தொடங்கியிருப்பதற்கும் படிப்பில் பின்தங்கியிருப்பதற்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒரு மதியத்தில் ஒருமுறை எடுத்த எண்ணும், எட்டு ஆண்டுகளில் பலர் பலமுறை பார்த்துச் சேர்த்த எண்ணும் ஒரே எடை தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு.

மறுமொழி 3: மழலை வகுப்பு ஆசிரியை

ஆய்வாளர்களிடையே நான் நுழைவது சரியா என்று தெரியவில்லை. பல ஆண்டுகளாக நான்கு வயதினரோடு நாளெல்லாம் இருப்பவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

காத்திருக்கும் குழந்தை வெறுமனே காத்திருப்பதில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும், கண்ணைப் பொத்திக்கொள்ளும், கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரும், காலால் தாளம் போடும், தனக்குத்தானே ஏதோ பாடும். மிஷெல் தம் குழந்தைகளிடம் கண்டு எழுதியதும் இவைதாமே. பரிசை மூடி வைத்தாலோ, வேறு இனிமையான ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொன்னாலோ அதே வயதுக் குழந்தைகள் பல மடங்கு நேரம் பொறுத்தார்கள் என்பதை அவரே காட்டியிருக்கிறார். அந்த நிமிடக் கணக்கு, மனவலிமையை விட, குழந்தைக்குக் கைவசம் எத்தனை தந்திரம் உண்டு என்பதைத்தான் சொல்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று, சொன்ன சொல்லைப் பெரியவர்கள் காப்பாற்றாத இடத்தில் வளரும் குழந்தை, கிடைத்ததை உடனே எடுத்துக்கொள்கிறது. அதைப் பொறுமையின்மை என்று எழுதிவைக்க எனக்கு மனம் வருவதில்லை. அந்தக் குழந்தையின் அனுபவத்தில் அதுவே புத்திசாலித்தனம். 2013-இல் வெளிவந்த செலஸ்ட் கிட், ஹாலி பால்மெரி, ரிச்சர்டு ஆஸ்லின் ஆகியோரின் ஆய்வைப் படித்தபோது, நான் வகுப்பில் பார்ப்பதை யாரோ அளந்து கொடுத்ததுபோல் இருந்தது. 28 குழந்தைகளில் பாதிப் பேரிடம், நல்ல வண்ணப் பொருள்களும் ஒட்டுப்படங்களும் கொண்டு வருவதாகச் சொன்ன ஆய்வாளர் சொன்னபடி கொண்டு வந்தார்; மறுபாதியிடம், கிடைக்கவில்லை என்று வெறுங்கையோடு வந்தார். அதற்குப் பிறகு நடந்த காத்திருப்புச் சோதனையில் முதல் பிரிவினர் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். கடைசிவரை காத்திருந்தவர்கள் அங்கே 14-இல் 9 பேர், இங்கே 14-இல் ஒருவர். சில நிமிட ஏமாற்றமே இவ்வளவு செய்யுமானால், மூன்று நான்கு ஆண்டு ஏமாற்றம் என்ன செய்யும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

விளையாட்டையும் மறந்துவிடாதீர்கள். "அசையாமல் நில்" என்றால் அரை நிமிடம்கூட நிற்காத பிள்ளை, "நீதான் காவலாளி, இந்த வாசலைக் காக்க வேண்டும்" என்றால் நிற்கிறான். சோவியத் ஆய்வாளர் மனுய்லென்கோ 1940-களிலேயே இதைச் சோதித்து, காவலாளி வேடத்தில் குழந்தைகள் நெடுநேரம் அசையாமல் நின்றதைப் பதிவுசெய்திருக்கிறார். இருக்கும் திறனை எந்தச் சூழல் வெளியே கொண்டுவருகிறது என்பதைப் பொறுத்தே உங்கள் எண் அமையும்.

ஒரு சிறு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒருமுறை எங்கள் வகுப்புக்கு வந்த ஆய்வுக் குழு, தங்களுக்கு வசதி என்பதற்காக, குழந்தைகள் தூங்கப் போகும் நேரத்துக்குச் சற்று முன்னால் சோதனையை வைத்துக்கொண்டது. அன்று அவர்கள் அளந்து எடுத்துச் சென்றது தூக்கத்தை.

மறுமொழி 4: அலையும் ஒளியும்

மூளைப் பதிவுகளோடு வேலை செய்பவன் நான். மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஒரு தடையைச் சொல்லிவிட்டுத்தான் வழியைச் சொல்ல முடியும்.

இரண்டு வயதிலேயே மூளையின் கனஅளவு பெரியவர்களுடையதில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. ஆகவே உங்கள் வயதினரிடம் மூளை எவ்வளவு பெரிதாகிறது என்ற கேள்வியில் அதிகம் கிடைக்காது. உள்ளே நடக்கும் திருத்தம்தான் முக்கியம். நரம்பிணைப்புகள் முதலில் தேவைக்கு மேல் பெருகி, பிறகு பயன்படாதவை களையப்படுகின்றன. இது மூளை முழுவதும் ஒரே காலத்தில் நடப்பதில்லை. இறந்தவர்களின் மூளைத் திசுக்களில் பீட்டர் ஹுட்டன்லாக்கர் எண்ணிப் பார்த்தபோது, கேட்டல், பார்வை ஆகியவற்றுக்கான பகுதிகளில் இணைப்புகளின் உச்சம் முதலாண்டிலேயே வந்துவிட்டது. முன்நெற்றிப் புறணியில் அது பின்தங்கி வந்தது. களைதல் பதின்வயதையும் தாண்டி நீள்கிறது. 2004-இல் கோக்டே குழுவினர், 4 முதல் 21 வயதுவரை 13 பேரைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, இயக்கத்துக்கும் புலன்களுக்கும் உரிய பகுதிகள் முதலில் முதிர்வதையும், முன்நெற்றிப் புறணி கடைசியில் முதிர்பவற்றுள் ஒன்றாக இருப்பதையும் காட்டினார்கள். 13 பேர்தான், ஆனால் ஒரே ஆளைப் பல ஆண்டுகள் பார்த்ததால் அந்தப் படம் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது.

தாமதமாக முதிர்கிறது என்பதால் சிறுவயதில் அந்தப் பகுதிக்கு வேலை இல்லை என்று பொருளில்லை. 1999-இல் ஆண்டர்சன் குழுவினர் விவரித்த இரண்டு நோயாளிகள், பதினாறு மாதம் நிறைவதற்கு முன்பே முன்நெற்றிப் புறணியில் சேதமடைந்தவர்கள். வளர்ந்த பிறகு விளைவை எண்ணிப் பார்த்து நடப்பதில் அவர்களுக்குக் கடுமையான குறை இருந்தது. பெரியவர்களாகி அதே சேதத்துக்கு ஆளானவர்கள் சரி தவறு பற்றிய விதிகளை வாயளவிலாவது சரியாகச் சொல்வார்கள், இவர்களுக்கு அந்த அறிவே சரிவர அமையவில்லை.

இப்போது தடைக்கு வருகிறேன். உங்களுக்கு எம்.ஆர்.ஐ. இல்லையே என்று வருந்த வேண்டாம். அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க நான்கு வயதுக் குழந்தைக்கு முதலில் என்ன வேண்டும்? தன்கட்டுப்பாடு வேண்டும். நீங்கள் எதை அளக்க வந்தீர்களோ, அது குறைவாக உள்ள குழந்தைகளின் படங்களே கலங்கலாகி விலக்கப்படுகின்றன. விலக்காமல் வைத்துக்கொண்டாலும், தலை அசைவு சாம்பல்நிறப் பகுதியின் அளவை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும் என்பது நிறுவப்பட்ட செய்தி. ஆக, "தன்கட்டுப்பாடு குறைந்தவர்களின் புறணி மெல்லியது" என்ற முடிவு, பாதி மூளையாகவும் பாதி அசைவாகவும் இருக்கக்கூடும்.

இந்த வயதுக்கு எனக்குப் பிடித்த முறை, தலையில் பட்டை கட்டி அகச்சிவப்புக்கு அண்மையான ஒளியைச் செலுத்தி, புறணியின் மேற்பரப்பில் இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை அளப்பது. குழந்தை மேசைமுன் உட்கார்ந்து சீட்டு பிரித்துக்கொண்டே இருக்கலாம். மொரிகுச்சியும் ஹிராக்கியும் 2009-இல் இதைத்தான் செய்தார்கள். விதி மாறியதும் மாற முடிந்த மூன்று வயதினரிடமும் ஐந்து வயதினரிடமும் முன்நெற்றிப் புறணியின் கீழ்ப்பகுதி செயல்பட்டது. பழைய விதியிலேயே நின்ற மூன்று வயதினரிடம் அந்த அளவுக்குச் செயல்படவில்லை. இங்கே ஒரே வயதுக் குழந்தைகள் இரண்டாகப் பிரிவதைக் கவனியுங்கள். வயதோடு எல்லாமே வளர்கின்றன, காலணி அளவு உட்பட. ஆகவே வயதைக் கடந்து, ஒரே வயதுக்குள் உள்ள வேறுபாட்டைக் காட்டும் ஆய்வுக்குத்தான் எடை அதிகம்.

இ.இ.ஜி.யில், "இந்தப் படம் வந்தால் அழுத்தாதே" என்ற வகைப் பணியில், படம் தோன்றிச் சில நூறு மில்லிவினாடிகளுக்குள் முன்மண்டையில் ஒரு எதிர்மறை அலை எழும். அதைப் பயன்படுத்தலாம். ஆனால் பெரிய அலை நல்ல கட்டுப்பாடு என்று படிக்காதீர்கள். பள்ளி வயதுக் குழந்தைகளிடம் வயது ஏற ஏற அந்த அலை சிறுத்துவருகிறது. குறைந்த முயற்சியில் அதே வேலை நடக்கிறது என்று அதற்கு ஒரு விளக்கம் உண்டு. எதிர்த்திசையில் என்ன கிடைத்திருந்தாலும் அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்திருக்கும் என்பதுதான் எனக்குச் சற்று உறுத்துகிறது. எந்தத் திசையை எதிர்பார்க்கிறீர்கள் என்பதைத் தரவு எடுப்பதற்கு முன்பே எழுதிப் பதிவுசெய்துவிடுங்கள்.

மறுமொழி 5: வளர்நிலை மாணவி

அனைவருக்கும் நன்றி. நான் நினைத்திருந்த திட்டத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். காத்திருப்புச் சோதனையைத் தலைமை அளவாக வைக்கப் போவதில்லை. சீட்டு பிரித்தலும் பகல்–இரவுப் பணியும் முதன்மை. காத்திருப்பு துணை அளவு, அதிலும் நிமிடத்தை மட்டும் குறிக்காமல், குழந்தை என்ன செய்துகொண்டு பொறுத்தது என்பதைக் காணொளியிலிருந்து குறித்துக்கொள்வேன். ஒரே குழந்தையை இரண்டு வார இடைவெளியில் இருமுறையும், ஆறு மாதம் கழித்து மீண்டும் இருமுறையும் பார்ப்பேன். சீட்டு பிரித்தலில் ஒவ்வொரு முறையும் முதலில் வாயால் கேட்டு, பிறகு கையால் செய்ய விட்டு, சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான இடைவெளியையே ஒரு அளவாக எடுக்க விரும்புகிறேன். இ.இ.ஜி. ஆறு மாத இடைவெளியின் இரு முனைகளிலும் மட்டும்.

இரண்டு ஐயங்கள் மிச்சமிருக்கின்றன. பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பும் கேள்வித்தாளையும் சேர்த்தால், அதையும் பணி மதிப்பெண்களையும் கூட்டிச் சராசரி எடுக்கலாமா? குடும்ப வசதியால் வரும் வேறுபாட்டைக் கணக்கில் கழித்துவிட வேண்டுமா?

மறுமொழி 6: எண்ணும் எழுத்தும்

கூட்ட வேண்டாம். கேள்வித்தாள் மதிப்பீடும் பணி மதிப்பெண்ணும் ஒன்றோடொன்று மிகக் குறைவாகவே ஒத்துப்போகின்றன என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து டோப்லக், வெஸ்ட், ஸ்டனோவிச் ஆகியோர் 2013-இல் காட்டியிருக்கிறார்கள். அமைதியான அறையில், பெரியவர் ஒருவர் விதியைச் சொல்லி உட்கார வைத்திருக்கும்போது குழந்தைக்கு முடிகிற உச்சத்தைப் பணி அளக்கிறது. யாரும் நினைவூட்டாத வேளையில் வழக்கமாக என்ன செய்கிறது என்பதைக் கேள்வித்தாள் அளக்கிறது. இரண்டும் வெவ்வேறு செய்திகள், வெவ்வேறாகவே எழுதுங்கள்.

இருமுறை அளப்பது நல்ல முடிவு. குழு அளவில் அழகாக விளைவு காட்டும் பணிகள், ஆளுக்கு ஆள் வேறுபாட்டைப் பிரித்துக் காட்டுவதில் நம்பகத்தன்மை குன்றியிருப்பதைப் பெரியவர்களிடம் ஹெட்ஜ், பவல், சம்னர் ஆகியோர் 2018-இல் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். குழந்தைகளிடம் நிலைமை மேலும் நன்றாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை. சீட்டு பிரித்தலில் மதிப்பெண் பெரும்பாலும் சுழியமாகவோ முழுமையாகவோ விழும், நடுவில் அதிகம் இராது. அதைச் சாதாரணச் சராசரியாக நடத்தாதீர்கள்.

குடும்ப வசதியைக் கழித்தே ஆக வேண்டும்.

மறுமொழி 7: நெடுநாள் ஆய்வாளர்

கடைசி வரியில் மட்டும் மாறுபடுகிறேன். வறுமையின் நெருக்கடி குழந்தையின் உடலில் கார்டிசோல் என்ற அழுத்தச் சுரப்பின் அளவை உயர்த்தி, ஓரளவு அதன் வழியாக மூன்று வயதில் செயலாட்சித் திறனைப் பாதிப்பதாக கிளான்சி பிளேரும் உடன் ஆய்வாளர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறக் குடும்பங்களை வைத்து 2011-இல் எழுதியிருக்கிறார்கள். வீட்டுச் சூழல் எந்த வழியாகத் தன்கட்டுப்பாட்டுக்குள் இறங்குகிறதோ, அந்த வழியையே கணக்கில் "கழித்துவிட்டால்", நீங்கள் ஆராய வந்த பொருளில் ஒரு பகுதியைக் குப்பையில் போட்டுவிடுகிறீர்கள். 2018-ஆம் ஆண்டு மறு ஆய்வின் மீது வைக்கப்பட்ட மறுப்பும் இதுவே: சிறுவயது அறிவுத்திறனைக் கழித்தபோது தன்கட்டுப்பாட்டின் ஒரு பகுதியும் சேர்ந்து கழிந்திருக்கலாம். கழிக்காத கணக்கையும் கழித்த கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள். குழந்தையின் மொழித்திறனை மட்டும் தனியாக அளந்துகொள்ளுங்கள். அறிவுறுத்தலே புரியாத குழந்தையின் தவறு வேறு கணக்கு.

மறுமொழி 8: எண்ணும் எழுத்தும்

பக்கத்தில் பக்கத்தில் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எது முதன்மைக் கணக்கு என்பதை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். விடையைப் பார்த்த பிறகு பிடித்ததை முதன்மையாக்குவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

மறுமொழி 9: மழலை வகுப்பு ஆசிரியை

உங்கள் புதிய திட்டத்தில் ஒரு சிக்கல் தெரிகிறது. திங்கட்கிழமை சோதனைக்கு வந்த குழந்தை, செவ்வாய்க்கிழமை வரவிருக்கும் குழந்தையிடம் சாப்பாட்டு வேளையில் எல்லாவற்றையும் சொல்லிவிடும்: சூரியன் வந்தால் இரவு என்று சொல்ல வேண்டும், காத்திருந்தால் இரண்டு கிடைக்கும், அந்த அக்கா கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள் என்பதுவரை. முடிந்தால் ஒரு வகுப்பை ஓரிரு நாளுக்குள் முடியுங்கள். முடியாவிட்டால் யார் எத்தனையாவதாக வந்தார்கள் என்பதையாவது குறித்து வையுங்கள். வருவதற்கு முந்தைய நாள்களில் வகுப்பில் வந்து உட்கார்ந்து, அவர்களோடு பேசிப் பழகிவிடுங்கள். புதியவர் சொல்லும் வாக்குறுதிக்கும் பழகியவர் சொல்லும் வாக்குறுதிக்கும் அவர்கள் ஒரே மதிப்புத் தருவதில்லை. காத்திருக்காத குழந்தைக்கும் கிளம்பும்போது காத்திருந்தவர்களுக்குக் கொடுத்த அதே பரிசைக் கொடுத்து அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து நீங்கள் மறுபடியும் அதே அறைக்குள் நுழையும்போது அவர்கள் உங்கள் முகத்தை மறந்திருந்தாலும், கொடுத்தீர்களா இல்லையா என்பதை மறந்திருக்க மாட்டார்கள்.